முறைத்தண்ணீர்

ஏழு மணிக்கு மாத்திரை.
ஏழு ஐம்பதுக்குத்தான் விரலுக்கு வந்து சேரும்.
மேட்டூரில் திறந்தது தலைஞாயிறுக்கு
என்றைக்கு உடனே வந்திருக்கிறது?
அதுவரை கட்டில் விளிம்பில்
ரவிக்கை திறந்தபடி உட்கார்ந்திருப்பேன்.
இவர் வருவார்.
முப்பது வருஷம் டிராக்டர் கியர் போட்ட கை
ஐந்து கொக்கிகளைக்
கீழிருந்து மேலாக மாட்டும்.
முதல் வாரம் ஒன்று தள்ளி மாட்டியதில்
கழுத்தருகே ஒரு கொக்கி அநாதையாய் நின்றது.
"மிச்சம் ஒண்ணு இருக்கே தையலு" என்றார்,
என்ஜினைப் பிரித்துப் பூட்டியவர் குரலில்.
சிரித்தேன்.
முகம் சிரிக்கவில்லை.
அது இப்போது தனி இலாகா,
மனு போட்டால் மறுநாள் பார்க்கும்.

குளியலுக்குத் துணை வேண்டாம் என்றிருந்தேன், ஆடி வரைக்கும்.
சோப்பு வழுக்கியது பல முறை,
நான் வழுக்கியது ஒரு முறை.
மறுநாள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்.
திருகாணி நாலும் ஒரு மருந்து டப்பியில்
ஜன்னல் கட்டையில் இருக்கின்றன.
என் கண்ணில் படும் இடம்.
ஏன் அங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ரசம் வேண்டாம் என்கிறேன், பிடிக்காமல் அல்ல.
கல்யாண வீடுகளில்
பந்தி போடும் முன்பே கிளம்பிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை திருத்துறைப்பூண்டி, வங்கி.
நான் சேர்த்த பணம்தான்.
கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்.
கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள் அந்தப் பெண்:
பழைய தையல்நாயகி
கோட்டின் மேல் குடை விரித்து நிற்கிறாள்.
இன்றையவள்
'தை'யில் சுமாராகக் கிளம்பி
'நா'வில் இளைத்து
'கி'யில் எறும்பு.
"கைநாட்டு வெச்சிடுங்கம்மா. சுலபம்."

முப்பத்தொரு வருஷம்
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள் நான்.
பயிர்க்கடன் கொடுக்கும் நாளில்
எத்தனை கட்டைவிரலைப் பிடித்து
மைப்பெட்டியில் அமுக்கி, பதிவேட்டில் உருட்டி,
சாக்கில் துடைத்துக்கொள்ளச் சொல்லி,
அடுத்த ஆள், அடுத்த ஆள்.
பிரிஞ்சிமூலை அஞ்சம்மாள் மட்டும்
கையை இழுத்துக்கொண்டாள்:
"உடுங்க. என் வெரலு. நானே வெக்கிறேன்."
வரிசை வாசலைத் தாண்டி நின்றது.
நான் பிடித்துத்தான் வைத்தேன்.
எந்த வருஷமென்று நினைவில்லை.
நகக்கண்ணில் இருந்த சேறு நினைவிருக்கிறது.

இந்தப் பெண்ணும் கை நீட்டினாள்.
நல்ல பெண். நகத்தில் மருதாணி.
"விடும்மா" என்றேன்.
என் குரல் எனக்கே எட்டவில்லை.
இவருக்கு எட்டிவிட்டது:
"அவங்களே வெப்பாங்க."

வைத்தேன்.
முதல் ரேகை இரண்டாகப் பதிந்தது.
இரண்டாவது, மழையில் நனைந்த ரசீது.
பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.
அடுத்த முறை பன்னிரண்டுக்கு.
வாய்க்காலில் தரை தெரியும் நேரம்.
மூன்றாவது.
நாலாவதைத் தலை சாய்த்துப் பார்த்து
"போதும்மா" என்றாள்.
சரி என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது கண்ணாடிக் கதவருகே
கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.
பின்னால் நாலு பேர்.
முன்னால் ஒருவர் எனக்காகக் கதவைப் பிடித்தபடி,
அந்த மரியாதை வேறு.
தள்ளினால் விழுவேன். இழுத்தாலும் விழுவேன்.
இவர் என் முன்னால் வந்து
தன் காலைக் குறுக்கே நீட்டினார்.
வெறும் தரைதான் என் காலுக்குப் பயம்.
வரப்பு மாதிரி ஒன்று கண்ணில் பட்டால்
தாண்டிவிடும்.
காவலாளி பதறிக்கொண்டு வந்தார்:
"என்ன சார் இது, அந்தம்மாவுக்குப் போய்
கால் குறுக்கப் போடுறீங்க?"

தாண்டினேன்.
இவர் மற்ற காலை நீட்டினார்.